உரிக்காத தாள்

மஞ்சள் விளக்குதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

துவாக்குடியில் எங்கள் ஃபேக்டரியின் கடைக்கோடியில், கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு சின்ன அறை. வெளியே புரட்டாசி மழை பிடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே ஏசிக் குளிரில் புது மெஷின் ஒன்று நிற்கிறது. என் செக்ஷனில் வேலை பார்க்கும் சகாயம் ஒரு வால்வை எடுத்து அதன் தட்டில் வைக்கிறாள். தட்டு தானாகச் சுற்றுகிறது. மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி, அதற்குப் பின்னால் கேமரா. அது வால்வை எல்லாப் பக்கமும் பார்க்கிறது. பழுதில்லாத வால்வு என்றால் பச்சை விளக்கு எரிய வேண்டும். கீறலோ குழியோ இருந்தால் சிவப்பு.

எரிந்தது மஞ்சள்.

அடுத்த வால்வை வைத்தாள். மஞ்சள். அதற்கடுத்தது. அதுவும் மஞ்சள். மஞ்சள் என்றால் மெஷினுக்குச் சந்தேகம் என்று அர்த்தம். நல்லதா கெட்டதா, எனக்குத் தெரியவில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கையை விரிக்கிறது. அந்த வெளிச்சம் சகாயத்தின் முகத்தில், என் கையில், வெளிச் ஜன்னலில் வழியும் மழைத் தண்ணீரில் எல்லாம் விழுந்து, அறையே பாதித் தூக்கத்தில் இருந்தது.

"என்ன மேடம் இது, எதை வெச்சாலும் சந்தேகப்படுது? எங்க மாமியாரைக் கூட்டிட்டு வந்து நிக்க வெச்ச மாதிரி இருக்கு!" என்றாள் சகாயம்.

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுத்த வால்வை நானே எடுத்து வைத்தேன். அதுவும் மஞ்சள்.

இந்தத் தொடரில் எங்கள் தெரு, என் ஸ்கூல், என் கல்யாணத்தில் ரசம் தீர்ந்துபோனது என்று ஊர்ப்பட்ட கதை சொல்லியாகிவிட்டது. முக்கால் வாழ்க்கையை எங்கே கழித்தேனோ அந்த ஃபேக்டரிக்குள் மட்டும் உங்களை அழைத்துப் போகவே இல்லை. இந்த வாரம் வாருங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம்.

பாலத்தின் மேல் தூக்கம்

என் வீடு ஸ்ரீரங்கத்தில். வேலை துவாக்குடியில். நடுவில் காவேரிப் பாலம், ஊர், அப்புறம் தஞ்சாவூர் ரோடு. கம்பெனி பஸ் விடிந்தும் விடியாமலும் வரும். ஜன்னலோரம் எனக்கு. யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால் நான் பக்கத்தில் போய் நின்று முறைப்பேன், எழுந்துவிடுவார்கள். அந்த விஷயத்தில் எனக்குக் கெட்ட பேர்தான்.

பஸ் பாலத்தில் ஏறும்போது எனக்கு ஒரு தூக்கம் வரும். தூக்கம் என்றும் சொல்ல முடியாது. கண் திறந்திருக்கும். கீழே தண்ணீர் போய்க்கொண்டிருக்கும், அந்தப் பக்கம் மலைக்கோட்டை பனியில் பாதி தெரியும். பாலம் ஓடுகிறதா, ஆறு ஓடுகிறதா, பஸ் ஓடுகிறதா என்று புரியாத ஒரு மயக்கம். வாழ்க்கையில் முக்கியமான முடிவையெல்லாம் நான் அங்கே வைத்துத்தான் எடுத்திருக்கிறேன். பாதி தப்பாகப் போயிருக்கிறது, அது வேறு விஷயம்.

எங்கள் கம்பெனி வால்வு செய்கிற கம்பெனி. பைப்பில் போகிற எண்ணெயையோ ஆவியையோ திறக்க, மூடப் பயன்படும் சாமான். என் செக்ஷன் இன்ஸ்பெக்ஷன். வெளிநாடு போகும் ஒவ்வொரு வால்வையும் என் பெண்கள் டியூப் லைட்டுக்கு அடியில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்குவார்கள். ஜீயபுரத்திலிருந்து வருகிறவர்கள் உண்டு. சகாயம் மருங்காபுரியிலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறி வந்து, அப்புறம் இங்கேயே ஒரு வீடு பிடித்து, பையனைப் பக்கத்து ஸ்கூலில் சேர்த்துவிட்டாள்.

எங்கள் கம்பெனியில் அப்போது பாதிப் பங்கை ஜெர்மன்காரர்களும் ஜப்பான்காரர்களும் சேர்ந்த ஒரு கூட்டம் வாங்கியிருந்தது. இனி கண்ணால் பார்ப்பது போதாது, கேமரா பார்க்க வேண்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். மெஷின் வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. சோதனைக் காலம் முடிகிற அன்று மூன்று மேனேஜர்களும் கையெழுத்துப் போட்டால் மெஷின் இங்கே. ஒருத்தர் போடாவிட்டாலும் அது வேறு மாநிலத்தில் இருக்கும் இன்னொரு ஃபேக்டரிக்குப் போய்விடும். ஏற்றுமதி ஆர்டரும் அதன் பின்னாலேயே போகும். அப்புறம் என் செக்ஷனுக்கு வேலை ஏது? அத்தனை பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதனால்தான் அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்து எனக்கு அவ்வளவு பயம்.

மூன்று பேரும் அந்த மெஷினும்

முதலில் கிளாஸ். ஜெர்மன்காரர். பனைமர உயரம். மாதத்துக்கு ஒருமுறை வந்து சில நாள் தங்குவார். காலையில் குட்மார்னிங் சொல்வதற்கு முன்னால் "ரிசல்ட் என்ன?" என்பார். மெஷின் என்றால் அவருக்கு ஒரு கணக்கு. விடை வந்தால் வைத்துக்கொள், வராவிட்டால் திருப்பி அனுப்பு. அதில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. நம் ஊரில் மெஷினைத் திருப்பி அனுப்புவது என்றால் சம்பந்தியை வாசலோடு திருப்பி அனுப்புகிற மாதிரி. அது அவருக்குப் புரியவே இல்லை.

அடுத்தது மொரிட்டா. ஜப்பான்காரர். திருச்சியிலேயே வீடு எடுத்துத் தங்கியிருந்தார். பேசவே மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெஷின் பக்கத்தில் நிற்பார். பார்ப்பார். டீ குடிக்கப் போவார். திரும்பி வந்து மறுபடியும் பார்ப்பார். பெண்களிடம் கேட்பார், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரிடம் கேட்பார், கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவரிடம்கூட இந்த மெஷின் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். "நான் என்ன மேடம் சொல்றது, மெஷினுக்கு சாம்பார் வேண்டாம்ல?" என்று அவர் என்னிடம் வந்து புலம்பினார். எல்லோரும் மனசார ஒத்துக்கொண்ட பிறகுதான் மொரிட்டாவுக்கு மீட்டிங். மீட்டிங்கில் முடிவு எடுப்பது அவருக்கு அநாகரிகம்.

மூன்றாவது எங்கள் ஜெனரல் மேனேஜர் சாரதி சார். ஸ்ரீரங்கத்துக்காரர், உத்திர வீதி. நெற்றியில் சிவப்பு ஸ்ரீசூர்ணம் ஒற்றைக் கோடாக இருக்கும். மீட்டிங்கில் யார் என்ன சொன்னாலும் "எஸ், டெஃபனட்லி, செய்துவிடலாம்" என்பார். கிளாஸ் ரொம்பச் சந்தோஷப்பட்டுவிடுவார். அதைச் செய்வதும் செய்யாததும் அப்புறம் நாள் பார்த்து, ஆள் பார்த்து, மழை வருகிறதா என்று பார்த்து முடிவாகும். பொய் இல்லை அது. வெள்ளைக்காரரின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது, அவ்வளவுதான்.

சாரதி சார் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஒரு பொம்பளையை செக்ஷன் மேனேஜராகப் போடுவதா என்று ஆளாளுக்கு முனகியபோது, "வசந்திதான் பார்ப்பா, வேற யாரும் வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தவர் அவர். அதற்கப்புறம் ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

அந்த மெஷின் விஷயத்தில் மட்டும் அவர் ஒரு குழந்தை ஆகிவிட்டார். காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பார். விரலால் தொட்டுத் தூசி இருக்கிறதா என்று பார்ப்பார். மெஷின் உடம்பு முழுக்க, அதைச் செய்த கம்பெனி ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. கதவில், ஓரத்தில், பட்டன்களின் மேல்கூட. "யாரும் உரிச்சுடப்படாது. ஆயுத பூஜை வரட்டும், பூஜை போட்டுட்டு நானே உரிக்கறேன். அதுவரைக்கும் அது விருந்தாளி" என்று சொல்லிவிட்டார்.

யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை. தெரிய என்ன இருக்கிறது? நம் வீட்டில் எல்லாம் அப்படித்தானே.

வந்த புதிதில் மெஷின் நன்றாகத்தான் வேலை செய்தது. பச்சை, பச்சை, எப்போதாவது ஒரு சிவப்பு. என் பெண்கள் கையைத் தட்டினார்கள். நாள் போகப் போக மஞ்சள் எட்டிப் பார்த்தது. அப்புறம் பாதி மஞ்சள். அப்புறம் எல்லாமே மஞ்சள். கிளாஸின் ஆட்கள் அவர்கள் ஊரிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாக நோண்டிப் பார்த்தார்கள். புரோகிராம் சரி, லைட் சரி, வயர் சரி. சோதனைக் காலமும் முடியும் நாள் வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை மீட்டிங். நவராத்திரி நடந்துகொண்டிருந்தது. ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருந்தது. சனிக்கிழமை கிளாஸ் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார். "வசந்தி, எனக்கு உங்கள் ஆட்களைப் பிடிக்கும். ஆனால் திங்கட்கிழமையும் இதே நிலைமை என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நான் முறைக்கவில்லை. நின்றுகொண்டே வந்தேன்.

எங்கள் வீட்டு ரிமோட்

இங்கே எங்கள் வீட்டுக்காரரை அறிமுகப்படுத்த வேண்டும். மேத்ஸ் வாத்தியார். நல்ல மனுஷர். ஆனால் புது சாமான் வாங்கினால் அதன் கவரை எடுக்க விட மாட்டார். ஸ்கூட்டர் சீட்டில் கவர். சோஃபாவில் கவர், வெயில் காலத்தில் உட்கார்ந்து எழுந்தால் தொடை பிய்ந்துகொண்டு வரும். டிவி ரிமோட்டுக்கு மேல் ஒரு பாலிதீன் உறை, அதன் மேல் ரப்பர் பேண்ட்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் கூடத்தில் படுத்திருந்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தூங்கவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை. அந்த அரைக் கனவிலும் மஞ்சள் வெளிச்சம். தட்டு சுற்றுகிறது, என் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து தட்டில் ஏறி நிற்கிறார்கள், எல்லோருக்கும் மஞ்சள். சகாயத்தின் பையன் ஸ்கூல் பையோடு ஏறுகிறான். திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தேன். மனசு சரியில்லை, டிவியாவது பார்ப்போம் என்று ரிமோட்டை அழுத்தினேன். போகவில்லை. மறுபடி அழுத்தினேன்.

"நல்லா அமுக்கு. கட்டை விரலால அமுக்கு" என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"இதுல எது ஒண்ணு, எது ஏழுன்னே தெரியலை. எண்ணெயும் அழுக்கும் ஏறி உறையே மங்கிப் போச்சு. இதைக் கிழிச்சுப் போட்டா என்ன கொள்ளை போகுது?"

"கிழிக்காதே. உள்ள ரிமோட் புதுசா இருக்கு பாரு."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கை ரிமோட்டிலேயே இருந்தது. எண்ணெய். அழுக்கு. மங்கிப்போன உறை. தினமும் அந்த அறைக்கு ஏழெட்டுத் தடவை போயிருக்கிறேனே, பார்த்தேனா?

சகாயத்துக்கு போன் போட்டேன்.

"சகாயம், மெஷின்ல கேமராவுக்கு முன்னாடி கண்ணாடி இருக்குல்ல, அது மேல தாள் ஒட்டியிருக்கா?"

"இருக்கே மேடம். தெனம் துணியால நான்தான தொடைக்கிறேன். எண்ணெய்ப் புகை படியுதுல்ல, தொடைச்சுத் தொடைச்சு அதுவும் கீறல் விழுந்து கெடக்கு. உரிச்சுடலாமான்னு கேட்டேன். பூஜைக்கு அப்புறம்னு சார் சொல்லிட்டாரு."

"அடிப்பாவி! என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சார் சொன்னது உங்களுக்குத் தெரியும்தானே மேடம்?"

தெரியும். அதுதான் விஷயமே. கேமரா பாவம், மங்கின தாளுக்குப் பின்னாலிருந்து வால்வைப் பார்த்துவிட்டுத் தெரியவில்லையே என்று தினம் தினம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் பயமும் வந்துவிட்டது.

மீட்டிங்கில் எழுந்து இதைச் சொன்னால் கிளாஸுக்குக் காரணம் கிடைத்துவிடும். ஆனால் சாரதி சார்? இத்தனை வருஷ சர்வீஸில் வெளிநாட்டுக்காரர்கள் முன்னால், அவர் கீழே வேலை செய்கிற நான், இவர் தாளை உரிக்க விடாததால்தான் எல்லாம் என்று சொல்வதா? சொல்லாமல் காலையில் போய் நானே உரித்துவிடலாம். உரித்தால் அவர் முதலில் பார்ப்பது அதைத்தான். அவர் பூஜைக்கு வைத்திருக்கும் சாமானில் திருட்டுத்தனமாகக் கை வைத்தவள் ஆவேன். என்னால் அது முடியாது.

எழுந்து முகம் கழுவி, பட்டுப் புடவை கட்டினேன்.

"எங்கே?" என்றார் வீட்டுக்காரர்.

"கொலு பார்க்க."

உத்திர வீதியில்

நவராத்திரி சாயங்காலத்தில் ஸ்ரீரங்கம் வேறு ஊர். வீட்டுக்கு வீடு வாசலில் செருப்பு. குங்குமச் சிமிழோடு பெண்கள் வருவதும் போவதும், எங்கோ ஒரு குழந்தை சுருதி சேராமல் பாடுவதும், பூக்கடை வாசமும், சுண்டல் தாளிக்கிற வாசமுமாக நான் நடந்து போகவில்லை, மிதந்து போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். மனசுக்குள் மட்டும் படபடப்பு.

"வாங்கோ வசந்தி, இப்பதான் உங்களை நெனச்சேன்" என்று மாமி, அதாவது சாரதி சாரின் மனைவி, கையைப் பிடித்து அழைத்துப் போனார். கொலு அழகாக இருந்தது. மேல்படியில் பெருமாள் தாயார். நடுப்படியில் புதிதாக வாங்கிய ஒரு கிருஷ்ணன், பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே நின்று குழல் ஊதிக்கொண்டிருந்தான்.

"உறையை எடுக்கலையா மாமி?"

"எங்க விடறார்? வர்ணம் போயிடுமாம். மூச்சு முட்டறது குழந்தைக்கு!"

சாரதி சார் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் பாயில் உட்கார்ந்தேன். சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. எனக்கு அது வராது.

ஊஞ்சல் நின்றது.

"தாளா?" என்றார்.

"தாள்தான் சார். வந்தப்போ புதுசு, பளிச்னு இருந்தது, கேமராவுக்குத் தெரிஞ்சுது. இப்ப மங்கிப் போச்சு."

 அப்புறம் சம்பந்தமே இல்லாமல் ஒரு கதை சொன்னார். அவர் ட்ரெயினியாக இருந்த காலம், வேறொரு ஃபேக்டரி. வெளிநாட்டிலிருந்து அளவு பார்க்கிற மெஷின் ஒன்று கப்பலில் வந்திருக்கிறது. ஆசை தாங்காமல் இவர் அதன் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சரியாக மூடாமல் போய்விட்டார். மழைக்காலம். லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது. மாற்று லென்ஸ் வர அந்த மழைக்காலம் முழுக்க ஆயிற்று.

"யார் பிரிச்சதுன்னு விசாரணை வந்தது. எங்க மேனேஜர், நான்தான் பிரிச்சேன்னுட்டார். அவருக்குத் தெரியும், நான்தான்னு. அவரை எங்கேயோ மாத்திட்டா. அதுக்கப்புறம் நான் அவரைப் பாக்கவே இல்லை, வசந்தி."

மறுபடி ஊஞ்சலை லேசாகக் காலால் உந்தினார்.

"அன்னிலேர்ந்து எனக்கு ஒரு புது சாமானைப் பாத்தா, அதை யாராவது பிரிச்சுடுவாளோன்னுதான் பயம்."

 பாவமாக இருந்தது. இவரைப் போய்ச் சில சமயம் பஸ்ஸில் வைத்துக் கிண்டல் செய்திருக்கிறோமே என்று இருந்தது.

"சார், நாளைக்கு மீட்டிங்" என்றேன்.

"தெரியும். பூஜைக்கு இன்னும் நாள் இருக்கே..." என்று இழுத்தார். "பாக்கலாம்."

அவர் வாயில் பார்க்கலாம் வந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஃபேக்டரியில் எல்லோருக்கும் தெரியும். மாமி வெற்றிலை பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. அத்தனை விளக்கும் கலங்கித்தான் தெரிந்தது.

விடிந்தும் விடியாமலும்

மறுநாள் பாலத்தில் எனக்கு அந்த மயக்கம் வரவில்லை. இன்று என் பெண்களிடம் எப்படிச் சொல்லப் போகிறேன் என்றே யோசித்துக்கொண்டு போனேன். துவாக்குடி பஸ் ஸ்டாப்பில் சகாயம் பையனுக்குத் தலை சீவிவிட்டு ஸ்கூல் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

ஃபேக்டரிக்குள் நுழைந்ததும் சாம்பிராணி வாசம். எங்கிருந்து என்று பார்த்தால், கண்ணாடி அறை!

சாரதி சார் வேஷ்டியில் நிற்கிறார். மெஷினுக்கு ஒரு முழம் கதம்பம். கீழே எலுமிச்சம்பழம், பொரி, கடலை. மொரிட்டா பக்கத்தில், வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆனால் நெற்றியில் பெரிய குங்குமத்தோடு. அவர்தான் எப்போதும் முதலில் வருகிறவர், மாட்டிக்கொண்டார்.

"என்ன பாக்கறே? நவராத்திரில எந்த நாளும் நல்ல நாள்தான்" என்றார் சாரதி சார், என் முகத்தைப் பார்க்காமல்.

சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு பொட்டு வைக்கப் போனார். கை நேராகக் கேமராக் கண்ணாடியை நோக்கிப் போயிற்று.

"சார்! கண்ணுல மட்டும் வெச்சுடாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

கதவில் வைத்தார். கற்பூரம் காட்டினார். பிறகு அந்த உள்ளங்கை அகலக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தாளின் ஒரு மூலையை நகத்தால் நெம்பினார். வரவில்லை.  நான் உதவிக்குப் போகவில்லை. மறுபடி நெம்பினார். சர்ர்ரென்று ஒரு சத்தம். தாள் அவர் கையோடு வந்துவிட்டது.

அதற்குள் வந்து சேர்ந்திருந்த சகாயம் வால்வை வைத்தாள். தட்டு சுற்றியது. 

பச்சை.

அடுத்தது பச்சை. அடுத்தது பச்சை. தடுப்புக்கு வெளியே என் பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஒருத்தி விசில் அடித்தாள். யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை.

யார் சொன்னது?

மீட்டிங். ரிசல்ட்டைப் பார்த்ததும் கிளாஸ் புருவத்தைத் தூக்கினார். நானும் மொரிட்டாவும் வரும் வழியிலேயே பேசி வைத்திருந்தோம். சுத்தம் செய்தோம், சரியாகிவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிடுவது. யார் பேரும் வேண்டாம். மொரிட்டாவுக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது.

"சனிக்கிழமை எல்லாம் மஞ்சள். இன்று எல்லாம் பச்சை. என்ன காரணம்?" என்றார் கிளாஸ்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சாரதி சார் எழுந்து நின்றுவிட்டார். எழுந்து நின்று பேசுகிற வழக்கமே அந்த மீட்டிங்கில் கிடையாது.

"கேமராவுக்கு முன்னால் இருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கவில்லை. பெண்கள் கேட்டார்கள். உரிக்கக் கூடாது என்று சொன்னது நான். தப்பு என்னுடையது. வசந்தியின் செக்ஷன் மேல் ஒரு குறையும் இல்லை."

இங்கிலீஷில்தான் சொன்னார். ஆனால் அதைச் சொல்ல அவர் எவ்வளவு தூரம் நடந்து வந்திருப்பார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். 

கிளாஸ் தலையை ஆட்டினார். "நல்லது. நன்றி." கையெழுத்துப் போட்டார். "அடுத்தது?"

அவ்வளவுதான்! அவருக்கு அது ஒரு நிமிஷ வேலை. திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. காரணம் கிடைத்தது, மூடிவிட்டார். சாரதி சார் இன்னும் நின்றுகொண்டிருந்தார், உட்காரலாமா என்று தெரியாமல்.

அப்போது மொரிட்டா எழுந்தார். குனிந்து வணங்கினார். "மன்னிக்க வேண்டும். தாளை நானும் பார்த்தேன். பல நாள் பார்த்தேன். பூஜை வரை எடுக்கக் கூடாது என்றார்கள். உங்கள் ஊர் சாமி விஷயம், வெளி ஆள் கேட்டால் மரியாதைக் குறைவு என்று பேசாமல் இருந்தேன்."

கிளாஸ் பேனாவை மேஜையில் வைத்தார். முகம் சிவந்துவிட்டது. "எனக்கும் தெரியும். மெஷினைப் பொருத்த வந்த ஆள் அப்போதே என்னிடம் சொன்னான். நான் சாரதியிடம் எடுக்கச் சொன்னேன். டெஃபனட்லி என்றார். டெஃபனட்லி என்றால் எடுத்தாகிவிட்டது என்று நினைத்துவிட்டேன்."

மூன்று பேருக்கும் தெரியும்! ஒருத்தர் சொன்னதோடு மறந்தார், ஒருத்தர் மரியாதைக்குச் சும்மா இருந்தார், ஒருத்தர் காவல் காத்தார். நடுவில் என் பெண்கள் தினம் தினம் செத்துப் பிழைத்திருக்கிறார்கள்.

"அட கடன்காரங்களா!" என்று என்னையும் மீறி வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

கிளாஸுக்கும் மொரிட்டாவுக்கும் புரியவில்லை. சாரதி சார் ஒருத்தருக்குத்தான் புரிந்தது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார், சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மொரிட்டாவும் போட்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் சார் சொன்னீங்க? யார் பேரும் வேண்டாம்னு நாங்க பேசி வெச்சிருந்தோமே."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி முனையில் துடைத்துக்கொண்டார். "உன் பொண்களெல்லாம் காலைல தடுப்புக்கு வெளில நின்னு பாத்துண்டிருந்தாளே. அவா கண்ணு முன்னாடிதானே உரிச்சேன். அப்பறம் என்னத்த மறைக்கறது?"

கடைசியாக ஒரு போன்

அந்த மெஷின் இன்னும் அங்கேதான் இருக்கிறது. கதவில் ஒவ்வொரு வருஷத்துச் சந்தனமும் ஒன்றன்மேல் ஒன்றாக. சகாயம்தான் இப்போது அந்த அறைக்குப் பொறுப்பு.

சாரதி சார் ரிட்டையர் ஆன அன்று கேன்டீனில் மேடை போட்டோம். மாமியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சந்தன மாலை, சால்வை, எல்லோர் காசிலும் வாங்கிய ஒரு புது போன். எல்லோரும் பேசினார்கள். நானும் பேசினேன், பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் முறை வந்தது. மைக்கைக் கையில் வாங்கினார்.  மைக்கை அப்படியே மாமியிடம் கொடுத்தார்.

பெட்டியைத் திறந்து போனை வெளியே எடுத்தார். கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, அதன் முகத்தில் ஒட்டியிருந்த தாளை ஒரு மூலையில் பிடித்து, சர்ர்ரென்று ஒரே இழுப்பில் உரித்தார்.

"ஐயையோ, ஏன்னா! புதுசுன்னா அது!" என்ற மாமியின் குரல் மைக்கில் கேன்டீன் முழுக்கக் கேட்டது.